அரை எச்.பி. மோட்டாரும் இரண்டு வகை 22 கேஜும்

மாமா வீட்டுக் கிணற்றில் இருப்பது அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டார். காயில் எரிந்து, புதிதாகச் சுற்றிப் பூட்டி ஒரு கோடை முழுதாகக் கடக்கவில்லை. அதற்குள் மறுபடியும் எரிந்துவிட்டது. இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை வேறு. பேரிங் இறுகியிருக்கலாம், இம்பெல்லரில் மண் அடைத்திருக்கலாம், கெபாசிட்டர் வலுவிழந்திருக்கலாம், மின்னழுத்தம் இறங்கியிருக்கலாம். எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஒன்றிலும் குறையில்லை.

மூடியைக் கழற்றி, காயில்கள் பதிந்திருக்கும் சுழலாத பகுதியான ஸ்டேட்டரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே இடத்தில் ஷார்ட் ஆகி எரிந்த காயிலைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒரு மூலையில் செம்பு உருகி முத்துப்போல உருண்டு நிற்கும். மற்ற இடங்களில் நிறம் அவ்வளவாக மாறியிருக்காது. இங்கே மோட்டாரை ஓட்டும் முக்கியக் காயில்களான ரன்னிங் காயில்கள் அத்தனையும் ஒரே சீராகக் கறுத்திருந்தன. மோட்டாரைக் கிளப்பிவிட உதவும் ஸ்டார்டிங் காயில்கள் பழுப்போடு தப்பித்திருந்தன. நாள்தோறும் அளவுக்கு மீறிச் சூடேறி வார்னிஷும், கம்பியின் மின்காப்புப் பூச்சான எனாமலும் வெந்துபோன காயிலின் அடையாளம் இது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்லாட்டின், அதாவது காயில் உட்காரும் பள்ளத்தின், ஆப்பைத் தட்டி எடுத்ததும் உள்ளே இருந்த கம்பிக்கட்டு ஆடியது. கம்பெனியில் சுற்றிய மோட்டாரில் ஆப்பை எடுத்தாலும் கட்டு அசையாது. இடம் அவ்வளவு நெருக்கமாக நிரம்பியிருக்கும்.

இதே மாடல் மோட்டார் ஒன்றை முன்பு அவிழ்த்தபோது எழுதிவைத்த கணக்கு என் நோட்டில் இருந்தது: ரன்னிங் 22 கேஜ், ஸ்டார்டிங் 26 கேஜ், காயிலுக்கு இத்தனை சுற்று என்று. கேஜ் என்பது கம்பியின் பருமனைச் சொல்லும் எண்; எண் ஏற ஏற கம்பி மெலியும். எரிந்த காயில் ஒன்றை ஒரு பக்கம் வெட்டி முனைகளை எண்ணினேன். சுற்றுக் கணக்கு நோட்டோடு பொருந்தியது. அப்படியானால் கம்பியில்தான் ஏதோ இருக்கிறது. மாமாவிடம் கேட்டேன்.

“பையன் ஆன்லைனில் வரவழைத்தான், மெக்கானிக் சுற்றிக் கொடுத்தார். 22 கேஜ்தான் மாப்பிள்ளை, ரோலிலேயே அச்சடித்திருக்கிறதே” என்றார்.

மீதிக் கம்பி ரோலோடு பரணில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மாமா சொன்னது பொய்யில்லை, 22 என்றுதான் ஸ்டிக்கரில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏ.டபிள்யூ.ஜி. என்றும் இருந்தது. அமெரிக்கக் கம்பி அளவு. நம் ஊர் ரீவைண்டிங் கடைகளில் 22 என்றால் அது எஸ்.டபிள்யூ.ஜி., அதாவது பிரிட்டிஷ் அளவு. இரண்டும் ஒன்றில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை; ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள் இருந்ததுதான் வினை.

ஆனால் ஸ்டிக்கரை நம்பி முடிவு கட்டுவதும் சரியில்லை. அளந்து பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

கம்பியை அளப்பதில் முதல் இடைஞ்சல் எனாமல். வைண்டிங் கம்பிக்குச் சொல்லப்படும் அளவு வெறும் செம்பின் விட்டம். மேலே இருக்கும் எனாமலையும் சேர்த்து அளந்தால் இந்தப் பருமனில் 0.05 மில்லிமீட்டருக்கு அங்கே இங்கே கூடிவிடும். கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் 22 கேஜுக்கும் 21 கேஜுக்கும் உள்ள வித்தியாசமே 0.1 மில்லிமீட்டர்தான். கடைகளில் தொங்கும் வட்டமான கேஜ் தகட்டில் எனாமலோடு 22 கம்பியைச் செருகினால் அது 22இல் நுழையாது, 21இல் நுழையும். “21 போட்டிருக்கிறான்” என்று சொல்லி அடுத்தவர் 21 சுற்றினால் ஸ்லாட்டில் இடம் போதாமல் திண்டாடுவார். அந்தத் தகட்டை உபயோகிப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. ஓரத்தில் வெட்டியிருக்கும் சந்துதான் அளவு. சந்தின் அடியில் இருக்கும் வட்டத் துளை கம்பி வெளியேறுவதற்காக விட்ட இடம். துளைக்குள் விட்டு அளப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனாமலை எடுக்க பிளேடால் சுரண்டக் கூடாது. செம்பும் சேர்ந்து போய்விடும். லைட்டர் தீயில் முனையைச் சில நொடிகள் காட்டி, கறுத்ததும் துணியால் அழுத்தித் துடைத்து, மிச்சத்தை நைந்துபோன உப்புத்தாளால் மெல்ல ஒரு தேய்ப்பு. புது உப்புத்தாள் வேண்டாம். காயிலிலிருந்து எடுத்த கம்பியாக இருந்தால் பிடுங்கி இழுத்ததில் நீண்டு மெலிந்திருக்கும்; ஸ்லாட்டுக்கு வெளியே வளைந்து நிற்கும் பகுதியை வெட்டி எடுத்து, வளைவு இல்லாத இடத்தில் அளக்க வேண்டும். வளைந்த இடத்தில் கம்பி வட்டமாக இருக்காது. அதனால் ஓரிடத்தில் அளந்து, கம்பியைக் கால் சுற்று திருப்பி அதே இடத்தில் மறுபடியும் அளந்து, இரண்டின் சராசரியை எடுப்பேன்.

இந்த வேலைக்கு டிஜிட்டல் வெர்னியர் போதாது. திரையில் 0.01 வரை காட்டும், ஆனால் 0.02, 0.03 தவறு அதற்குச் சகஜம். போதாக்குறைக்கு அதன் மெல்லிய தாடைகள் செம்பில் பதிந்து அளவைக் குறைத்துக் காட்டும். திருகு அளவிதான் வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் தொட்ட கருவிதான், மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். பட்டறையில் உபயோகிப்பதில் புரியிடைத்தூரம் அரை மில்லிமீட்டர், சுழலும் அளவுகோலான தலைக்கோலில் 50 பிரிவு. முதலில் இரண்டு முகங்களுக்கும் நடுவே வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து மெல்ல மூடி, தாளை உருவி எடுத்தேன். முகத்தில் ஒட்டியிருந்த எண்ணெயும் தூசும் தாளோடு வந்துவிடும். பிறகு, அளவுக்கு மேல் இறுகாமல் ‘டிக்’ என்று நழுவும் பிடியான ராட்செட்டைப் பிடித்து மூன்று ‘டிக்’ கேட்கும்வரை மூடியபோது தலைக்கோல் சுழியைத் தாண்டி ஒரு பிரிவில் நின்றது. சுழிப்பிழை கூட்டல் 0.01, வரும் அளவில் அதைக் கழிக்க வேண்டும். பைக் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜில் 0.50 இதழை அளந்து சரிபார்த்தேன்; 0.51 காட்டியது. கணக்கு ஒத்துவந்தது.

இனிக் கம்பி. ராட்செட்டின் மூன்றாவது ‘டிக்’கில் நின்றபோது நேர்கோலில் அரை மில்லிமீட்டர் கோடு தெரிந்தது, தலைக்கோல் 15ஐத் தாண்டி, 16ஐத் தொடாமல் நின்றது. ஏறக்குறைய 0.655. சுழிப்பிழையைக் கழித்தால் 0.645. கால் சுற்று திருப்பியும் அதே. எரிந்த காயிலின் கம்பியும் அதற்கு ஒரு முடி குறைவாக அதையே காட்டியது.

அமெரிக்க 22இன் விட்டம் 0.644 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் 22இன் விட்டம் 0.711. சந்தேகத்துக்கு இடம் ஒன்றுதான்: மெட்ரிக் வரிசையில் 0.63 என்று ஒரு கம்பி இருக்கிறது, அதுவாக இருந்தால்? மெட்ரிக் கம்பிக்கு அனுமதிக்கப்படும் பிசகு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. 0.63 என்று சொல்லிவிட்டு 0.645 வரக் கூடாது. ரோலில் போட்டிருப்பது உண்மைதான்.

திருகு அளவி இல்லாதவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி எடை. கம்பியில் பத்து மீட்டரை அளந்து வெட்டி நகைத் தராசில் போட வேண்டும். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். அந்தக் கணக்கில் பிரிட்டிஷ் 22 பத்து மீட்டருக்கு 35.6 கிராம் வரும், அமெரிக்க 22 வெறும் 29.2 கிராம்தான். எனாமலுக்கு ஒரு கிராம் அளவு கூடும், அவ்வளவே. ஆறு கிராம் வித்தியாசத்தைக் காட்டாத தராசு கிடையாது. கம்பி ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் பருத்தும் இருந்தாலும் எடையில் அது சராசரியாகிவிடும். மல்டிமீட்டரில் ஓம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பவர்களுக்கு: பத்து மீட்டர் 22 கேஜ் செம்பின் மின்தடை, எந்த 22 ஆனாலும், அரை ஓம் அளவுதான். மீட்டரின் ஒயர்களே அதில் பாதியைக் காட்டும்.

0.711க்கும் 0.644க்கும் இடையில் 0.067 மில்லிமீட்டர்தானே, இதிலா மோட்டார் எரியும் என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. விட்டத்தைப் பார்த்தால் அற்பம்தான். மின்சாரம் பாய்வது குறுக்குவெட்டுப் பரப்பில். பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பிரிட்டிஷ் 22இன் பரப்பு 0.397 சதுர மில்லிமீட்டர், அமெரிக்க 22இன் பரப்பு 0.326. செம்பு நூற்றுக்கு 18 குறைந்துவிட்டது. சுற்றும் நீளமும் மாறாததால் மின்தடை நூற்றுக்கு 22 கூடிவிட்டது. அதே ஆம்பியருக்குக் காயிலில் பிறக்கும் வெப்பமும் அதே 22 கூடுதல். இந்த மாதிரிச் சின்ன மோட்டாரில் கம்பெனியே செம்பைக் கணக்குப் பார்த்துத்தான் போடுகிறது. தாராளம் கிடையாது. அதிலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, சித்திரை வெயிலில் தென்னைக்கு மணிக்கணக்கில் தண்ணீர் விட்டால் எனாமல் எத்தனை நாள் தாங்கும்? ஸ்லாட்டுக்குள் கட்டு ஆடியதற்கும் இதுதான் காரணம். சுற்று குறையவில்லை, கம்பி மெலிந்திருந்தது.

இந்த எண்கள் ஏன் இப்படித் தலைகீழாக ஓடுகின்றன, எண் ஏற ஏற கம்பி ஏன் மெலிகிறது என்பதற்குக் கம்பி இழுப்பவர்களின் வேலையையே காரணமாகச் சொல்வார்கள். பருமனான கம்பியைத் துளையுள்ள அச்சுகள் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மெலியவைப்பதில், எத்தனையாவது துளை என்பதே பெயராக நின்றுவிட்டது. ஒவ்வோர் ஊரும் தனக்கென ஓர் அச்சு வரிசை வைத்துக்கொண்டது. பிரிட்டனில் இந்தக் குழப்பத்தை ஒழிக்க எஸ்.டபிள்யூ.ஜி.யைச் சட்டபூர்வமாக்கி 1884 மார்ச் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தின் வரிசை 1857இலிருந்தே வேரூன்றியிருந்தது. அது கணக்குப்போட்டு அமைத்த வரிசை: 36ஆம் எண் 0.005 அங்குலம், நான்கு சுழி எண் (0000) 0.46 அங்குலம், இடையில் 39 படிகளும் ஒரே விகிதம். அதனால் அமெரிக்க அளவில் ஆறு எண் இறங்கினால் விட்டம் இரட்டிப்பாகும், மூன்று எண் இறங்கினால் பரப்பு இரட்டிப்பாகும். நினைவில் வைக்க வசதி.

பிரிட்டிஷ் வரிசையில் அந்த ஒழுங்கு இல்லை என்று குறை சொல்வார்கள். ஆனால் பட்டறைக்குத் தேவையான பகுதியில் ஒரு அழகான ஒழுங்கு இருக்கிறது. அட்டவணையைச் சுவரில் ஒட்டாமலே வேலையை ஓட்டலாம். 19 கேஜ் சரியாக 0.040 அங்குலம், அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 40 பங்கு. அங்கிருந்து 23 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஆயிரத்தில் நான்கு குறையும்: 36, 32, 28, 24. 23இலிருந்து 26 வரை இரண்டிரண்டாகக் குறையும்: 22, 20, 18. மேலே போனால் 19இலிருந்து 14 வரை எட்டெட்டாக ஏறும்: 48, 56, 64, 72, 80. வந்த எண்ணை 0.0254ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். 22 கேஜுக்கு 28, 28ஐ 0.0254ஆல் பெருக்கினால் 0.711. எனக்கு ஒரு வயதான வைண்டர் இதை விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து அட்டவணையைத் தேடியதில்லை.

இந்தியா மெட்ரிக் அளவைச் சட்டமாக்கியது 1956இல். கடையில் இன்று கம்பி டப்பாவில் மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் வைண்டிங் கணக்கு ஆசான்களின் நோட்டிலிருந்து சீடர்களின் நோட்டுக்குப் போகிறது. அங்கே எல்லாம் கேஜ். வீட்டு ஒயரிங்கில்கூட மூத்த எலெக்ட்ரீஷியன் “3/20 வாங்கி வாருங்கள்” என்பார். 20 கேஜ் கம்பி மூன்று இழை என்று அர்த்தம், பரப்பு 1.97 சதுர மில்லிமீட்டர். கடைக்காரர் 1.5ஐயோ 2.5ஐயோ எடுத்துக் கொடுப்பார். மோட்டாருக்குப் போகும் ஒயர் என்றால் 2.5ஐக் கேட்டு வாங்குங்கள்.

கோவைக்குப் போய் வைண்டிங் கம்பிக் கடையில் 0.71 என்று கேட்டே வாங்கினேன். பிரிட்டிஷ் 22க்கும் மெட்ரிக் 0.71க்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை. 24க்கு 0.56ம் அப்படியே. 20க்கு 0.90 என்று கொடுப்பார்கள். அதில் செம்பு நூற்றுக்கு மூன்று குறைவு, பரவாயில்லை. 18தான் சங்கடம்: 1.219க்கு நேராக மெட்ரிக்கில் எதுவும் இல்லை, 1.18 அல்லது 1.25. ஸ்லாட்டில் இடமிருந்தால் நான் 1.25 பக்கம் சாய்வேன். அளவு கிடைக்காதபோது இரண்டு மெல்லிய கம்பிகளைச் சேர்த்துச் சுற்றுவதும் உண்டு. 22க்குப் பதில் 25 கேஜ் இரண்டு போட்டால் பரப்பு 0.405; கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் எனாமல் இரட்டிப்பாகி ஸ்லாட்டில் கூடுதல் இடம் பிடிக்கும். அரை எச்.பி.யில் அதற்கு இடமில்லை, அதனால் அந்த வழியை நாடவில்லை.

வாங்கிய கம்பியையும் விடவில்லை. எனாமலோடு 0.77, எனாமல் நீக்கி 0.71. ஸ்டார்டிங் காயிலுக்கு 26 கேஜுக்கு நேராக 0.45 எடுத்தேன். பழைய கம்பியை முழுவதும் உருவி, ஸ்லாட்டுகளைச் சுத்தம் செய்து, புதுத் தாள் போட்டு, அச்சில் சுற்றிய காயில்களை இறக்கியதுவரை வழக்கமான வேலை. ரன்னிங் காயில்களை ஸ்லாட்டில் அடைக்கும்போது விரல் நுனி வலித்தது. கடைசிச் சில சுற்றுகளை மூங்கில் சீவலால் தள்ளித்தான் உள்ளே அனுப்ப முடிந்தது. ஆப்பு இறுக்கமாக ஏறியது. வார்னிஷ் ஊற்றி, பல்ப் வெப்பத்தில் காயவைத்து, மின்காப்பைச் சோதிக்கும் மீட்டரான மெகரில் காப்புத்தடை பார்த்துப் பூட்டினேன். முன்பு அரை மணி நேர ஓட்டத்தில் கை வைக்க முடியாத உடல், இப்போது மணிக்கணக்கில் ஓடிய பின்பும் உள்ளங்கையை வைத்து எடுக்கும் சூட்டில் நிற்கிறது.

காற்றாடி மூடி பாக்கி இருந்தது. மோட்டாரின் பின்பக்கத் தகடு துருவேறி ஓட்டையாகிவிட்டது. பழைய மூடி 20 கேஜ் தகடு போலத் தெரிந்தது. ஒரு கடையில் “20 கேஜ் என்றால் ஒரு எம்.எம்.” என்றார்கள். அடுத்த கடையில் “20 என்றால் 0.9” என்றார்கள். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கம்பியின் எஸ்.டபிள்யூ.ஜி. 20 என்பது 0.914. தகட்டுக்கென்றே பிரிட்டிஷார் வைத்திருந்த பர்மிங்காம் தகடு அளவில் 20 என்பது 0.996. அதே பர்மிங்காம் பெயரில் குழாய்க்கும் கம்பிக்கும் உள்ள இன்னோர் அளவில் 20 என்பது 0.889. அமெரிக்கரிடம் கேட்டால் இரும்புத் தகடு 20 என்பது 0.912, துத்தநாகம் பூசிய தகடு 20 என்பது 1.006, அலுமினியத் தகடு 20 என்பது 0.812. தகட்டுக் கடையில் கேஜ் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வருவது வீண் வேலை. மில்லிமீட்டரைச் சொல்லி, கையோடு அளந்து பார்த்து வாங்குவதே எனக்குச் சரி.

தகட்டை அளக்கும்போது ஓரத்தை நம்பக் கூடாது. கத்தரி வெட்டிய இடத்தில் ஒரு பக்கம் பிசிறு தூக்கி நிற்கும், மறுபக்கம் விளிம்பு அமுங்கியிருக்கும். நான் வாங்கிய துண்டை வெட்டிய ஓரத்திலேயே அளந்தபோது 0.98 காட்டியது. அரத்தால் பிசிறை நீக்கி, விரல் அகலம் உள்ளே தள்ளி அளந்தால் 0.90. விற்றவர் ஓரத்தில் வெர்னியரை வைத்து “பாருங்கள், ஒரு எம்.எம்.” என்று காட்டினால் மறுக்க முடியாமல் நிற்போம்.

இங்கும் தராசு கைகொடுக்கும். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டினால் 78.5 கிராம் என்பது ஒரு மில்லிமீட்டர். என் துண்டு 70.9 கிராம், 78.5ஆல் வகுத்தால் 0.903. திருகு அளவி சொன்னதும் அதுவே. முழுத் தகடு வாங்குபவர்கள் துண்டுகூட வெட்ட வேண்டாம்: எட்டுக்கு நாலு அடித் தகடு 0.9 என்றால் 21 கிலோ, ஒரு மில்லிமீட்டர் என்றால் 23.3 கிலோ. கிலோக் கணக்கில் விலை போட்டால் மெலிந்த தகட்டில் பணம் நட்டமில்லை, வலுதான் குறையும். தகட்டுக் கணக்கில் விலை சொன்னால் இரண்டும் போகும். அப்போது கட்டாயம் எடை போட்டுப் பாருங்கள்.

காற்றாடி மூடிக்கு 0.9 போதும். வட்டமாக வளைத்து, ஓரத்தை மடித்து, பழைய மூடியின் துளைகளையே மாதிரியாக வைத்துத் துளையிட்டேன். மடிப்பில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் என்று நினைத்துக் கோடு போட்டிருந்தால் உள் விட்டம் கொஞ்சம் கூடி, மூடி மோட்டார் உடலில் பிடிக்காமல் கடகடவென்று அதிர்ந்திருக்கும்.

மோட்டாருக்கு மேலே மழை படாமல் ஒரு கூரைத் துண்டும் போட்டோம். மாட்டுக்கொட்டகைக்கு வாங்கியதில் மிஞ்சிய வண்ணம் பூசிய தகடு, சீட்டில் 0.50 என்றிருந்தது. அளந்தாலும் 0.50தான். ஆனால் அது துத்தநாகமும் பெயிண்டும் சேர்ந்த மொத்தக் கனம். உள்ளே இரும்பு 0.45 அளவில்தான் இருக்கும். கூரைத் தகடு வாங்குபவர்கள் சீட்டில் இருப்பது மொத்தக் கனமா, அடித்தகட்டின் கனமா என்று கேட்டு, பூச்சு எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். துரு பிடிக்காமல் காப்பது பூச்சு, மட்டை விழுந்தால் தாங்குவது இரும்பு. கிணற்றுமேட்டில் இரண்டு தென்னை நிற்பதால், மாமா சொன்னபடி தகட்டுக்குக் கீழே குறுக்காக ஓர் ஆங்கிள் கம்பியையும் வைத்து போல்ட் முடுக்கினோம்.